வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

தாம்பரத்துக்குத் தெற்கே வீடு பார்த்துக்கொண்டிருந்த நண்பர், டீக்கடை வாசலிலேயே 50,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அப்புறம்தான் வழக்கறிஞரிடம் போனார். துணைக்கு நானும் போனேன். வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்தைப் புரட்டினார், வில்லங்கச் சான்றைப் பார்த்தார், வாரிசுச் சான்றிதழுக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார். அதில் மூன்று பெயர்கள். விற்க வந்திருப்பவர்களோ இரண்டு மகன்கள்.

“இந்த அக்கா எங்கே?”

புரோக்கர் முந்திக்கொண்டார்: “அவங்களைக் கட்டிக்கொடுத்தாச்சு சார். நகை, சீர் எல்லாம் அப்பவே செஞ்சுட்டாங்க.”

நகையும் சீரும் பாகப்பிரிவினை ஆகிவிடாது. உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகன்களுக்கும் சமபங்கு என்பது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமை தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுமைக்கும் 2005இலும் வந்தது. அக்காவின் கையெழுத்து இல்லாமல் கிரயம் முடித்திருந்தால், கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு ஒருநாள் நண்பரின் வீட்டுக்குப் பாகவழக்கு சம்மன் வந்திருக்கும்.

புரோக்கருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் சொல்வதற்கு அவருக்குக் கூலி கிடையாது. பத்திரம் முடிந்தால்தான் கூலி. அதுவும் பெரும்பாலும் இரண்டு பக்கமும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருடைய தொழில் அது. வீடு வாங்குபவரைச் சுற்றி நிற்கும் மற்றவர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். விற்பவர், பத்திரம் எழுதுபவர், கடன் பிடித்துத் தரும் ஏஜென்ட் என எல்லோருக்கும் வேலை நடந்தால்தான் காசு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்து முகவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் அது அந்தச் சட்டத்தின்கீழ் பதிவாக வேண்டிய திட்டங்களுக்கான விதி. தெருவில் கைமாறும் பழைய வீட்டுக்கு அந்தக் காவல் இல்லை.

இந்தக் கூட்டத்தில் ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் முழுக் கட்டணம் பெறுபவர், நாமே அமர்த்தும் வழக்கறிஞர் மட்டும்தான். அவருக்குத்தான் நாம் கணக்குப் பார்க்கிறோம். 60 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம். புரோக்கருக்கு ஒரு சதவீதம் என்றாலே 60,000. இவ்வளவையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, சில ஆயிரம் கேட்கும் வக்கீலிடம் “கொஞ்சம் குறைச்சுக்குங்க சார்” என்கிறோம்.

“பேங்க்கே லோன் கொடுத்துட்டான், அப்புறம் என்ன?” என்பது அடுத்த சமாதானம். வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பணத்தை. கட்டணம் பெரும்பாலும் நம் தலையில். அறிக்கை போவதோ வங்கிக்கு. வீட்டு மதிப்பில் எவ்வளவு கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு உண்டு: 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், 75 லட்சத்தைத் தாண்டினால் 75 சதவீதம். மிச்சம் நம் கைக்காசு. பத்திரத்தில் ஓட்டை விழுந்தால் முதலில் அதுதான் போகும். வீடு போனாலும் தவணை நிற்காது.

“ரிஜிஸ்தர் ஆயிடுச்சே” என்பது இதைவிடப் பெரிய மயக்கம். முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றிருந்த தமிழ்நாட்டு விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்பதே அதற்குச் சொன்ன காரணம். பதிவு என்பது இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். வில்லங்கச் சான்றும் பதிவானதை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலோ, வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமோ, வாரிசுச் சான்றிதழில் மட்டும் இருக்கும் அக்காவோ அதில் வர மாட்டார்கள்.

வக்கீல்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. நகல்களைப் பத்து நிமிடம் புரட்டிவிட்டு, நேற்றைய அறிக்கையில் பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் சொல்லிவிட்டதால், கருத்து பிசகினால் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அதனால் நான் ஒன்று செய்வேன்: எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தீர்கள் என்பதோடு, எவற்றைப் பார்க்கவில்லை என்பதையும் எழுதித் தரச் சொல்வேன். அந்த இரண்டாவது பட்டியல்தான் விலைமதிப்புள்ளது. கூடவே நில அளவை தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடத்தை வைத்து இடத்தை டேப் போட்டு அளந்து பார்ப்பேன். பத்திரத்தில் இருக்கிற 1,200 சதுர அடி தரையிலும் இருக்க வேண்டுமே.

விற்பவர்கள் ஆலோசனை கேட்பது இன்னும் அரிது. கேட்டாலும் பணம் கைக்கு வந்த பிறகு, ஆடிட்டரிடம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டை இன்று விற்றால், லாபத்துக்கு 12.5 சதவீத வரியா, பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதமா என்று எது குறைவோ அதைப் பார்க்க வழி இருக்கிறது. விலை பேசும்போதே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது. பங்காளிகளில் ஒருவர் துபாயில் இருந்தால் சிக்கல் வாங்குபவருக்கும் சேர்த்துத்தான். 50 லட்சத்துக்கும் அதற்கு மேலும் விற்கும் வீட்டுக்கு 1 சதவீதம் வரிப்பிடித்தம் என்று எல்லோரும் சொல்வது உள்நாட்டில் வசிப்பவருக்கு. வெளிநாடு வாழ் விற்பனையாளருக்குப் பிடிக்க வேண்டியது அதைவிடப் பல மடங்கு. பிடிக்கத் தவறினால் வருமான வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும்.

நண்பர் அந்த வீட்டை வாங்கவில்லை. அக்காவைத் தேடிக் கையெழுத்து வாங்க அந்தத் தம்பிகளுக்கு மனமில்லை. டோக்கன் பணம் நான்கு மாதம் அலைந்த பின், 10,000 குறைந்து திரும்பியது. போன வாரம் அதே புரோக்கர் செங்கல்பட்டுப் பக்கம் இன்னொரு வீட்டோடு வந்தார். கார்க் கதவைத் திறக்கும்போதே சொன்னார்: “இதுல அக்கா தங்கச்சி யாரும் இல்ல சார்.”