கிண்ணத்தை மட்டும் எண்ணினால் போதுமா?

ஒலுவில் கேம்பஸ் கன்டீனில் போன கிழமை ஒரு சண்டை. இலங்கை கிரிக்கெட் அணிக்கு வாய்த்த பயிற்றுவிப்பாளர்களில் ஆர் பெஸ்ட்? "போல் பாப்ரேஸ்தான் மச்சான். வந்து கொஞ்ச மாசத்துல ரெண்டு கிண்ணம்" என்றான் கூட்டாளி ஒருத்தன். கணக்குச் சரிதான். 2014 மார்ச்சில் ஆசியக் கிண்ணம். ஏப்ரல் 6இல் மிர்பூரில் இந்தியாவை வென்று இருபது20 உலகக் கிண்ணம். ஆனாலும் என் பட்டியலில் அவர் நாலாவதுதான்.

நான் பார்க்கிறது ஒன்றைத்தான்: அவர் போன பிறகு அணியில் என்ன மிஞ்சியது?

1. டேவ் வட்மோர். கொழும்பில் பிறந்து, அவுஸ்திரேலியாவுக்கு 7 டெஸ்ட் ஆடியவர். 1996 உலகக் கிண்ணம் எல்லாருக்கும் தெரியும். நான் பார்க்கிறது அதற்குப் பிந்திய கதையை. உலகக் கிண்ணத்தோடு அவர் கிளம்பிவிட்டார். அணி விழவில்லை. 1997இல் ஆசியக் கிண்ணம் எடுத்தது, அதே வருஷம் இந்தியாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 952 அடித்தது, 1998இல் ஓவலில் இங்கிலாந்தைச் சாய்த்தது. அர்ஜுனவும் அரவிந்தவும் முரளியும் இல்லாமல் இது நடந்திருக்காது, ஒப்புக்கொள்றன். ஆனா தோல்விக்குக் கோச்சைத் தூக்குகிற நாம், வெற்றியில் மட்டும் அவரை மறக்கக் கூடாது.

2. டொம் மூடி. 2006இல் இங்கிலாந்தில் வைத்தே ஒருநாள் தொடர் 5–0. 2007 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் தோல்வி. அவர் விட்டுப்போன அணிதான் அடுத்த அஞ்சு வருஷத்தில் இன்னும் மூன்று உலக இறுதிப் போட்டிகளுக்குப் போனது.

3. ட்ரெவர் பெய்லிஸ். அந்த மூன்றில் இரண்டு, 2009உம் 2011உம், இவருடைய காலம். 2008இல் ஆசியக் கிண்ணமும் உண்டு. 2009 மார்ச்சில் லாகூரில் அணி போன பஸ்ஸில் சூடு பட்டது. மூன்றே மாதத்தில் அதே அணியை லோர்ட்ஸ் இறுதிப் போட்டிக்குக் கொண்டுவந்தது சும்மா விசயமில்ல.

4. போல் பாப்ரேஸ். லாகூரில் காயப்பட்டவர்களில் இவரும் ஒருவர். அப்போது பெய்லிஸின் உதவியாளர். ஆகவே வெளியாள் இல்லை. ஆனா 2014இல் அவர் கையில் கிடைத்தது நாலு இறுதிப் போட்டிகளில் தோற்றுத் தோற்றுப் பழுத்த சங்காவும் மஹேலவும். வென்ற கையோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பழுத்த மரத்தில் காய் பறித்தவருக்கும் பங்குண்டு, நட்டவரை விட அதிகம் இல்லை.

5. கிறிஸ் சில்வர்வூட். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நமக்கு ஆசியக் கிண்ணம் தந்தவர். அந்த இரவை மறக்க ஏலாது. ஆனா அடுத்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் 50க்குச் சுருண்டோம். 2023 உலகக் கிண்ணத்தில் ஒன்பதாமிடம், அதனால் 2025 சம்பியன்ஸ் கிண்ணத்துக்கே போக முடியவில்லை.

சனத் எங்கே என்று கேட்பீங்க. 2024இல் 27 வருஷத்துக்குப் பிறகு இந்தியாவிடம் ஒருநாள் தொடர் வென்றதும், ஓவலில் டெஸ்ட் வென்றதும் அவர் காலத்தில்தான். அவரை இடம் போட நான் அவசரப்படவில்லை. மிஞ்சியது என்ன என்று தெரிய இன்னும் வருஷங்கள் போகணும்.

இதெல்லாம் கன்டீன் கதைதானே என்று விடலாம். ஆனா நம்மட கரையோர ஊர்களில் ஒரு நொக்-அவுட் டோர்னமென்டைப் பாருங்க. கிண்ணம் வேணும் என்று காசு கொடுத்து வெளியூர்ப் பிளேயர்களை இறக்குவோம். ஊர்ப் பொடியன்கள் பவுண்டரியில் நின்று தண்ணிப் போத்தல் தூக்குவாங்க. கிண்ணம் வரும், பட்டாசு வெடிக்கும், பேஸ்புக்கில் போட்டோ போகும். அடுத்த வருஷம் அணியில் ஒருத்தனும் இருக்க மாட்டான்.

அதே மைதானத்தின் மூலையில், அஸருக்குப் பிறகு பத்துப் பதினைந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கேட்ச் பிடிக்கப் பழக்குகிற ஒரு காக்கா நிற்பார். சம்பளமும் இல்லை, போட்டோவும் இல்லை. மஃரிப் பாங்கு சொன்னதும் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார். கிண்ணத்தை எண்ணினால் அவர் எந்தப் பட்டியலிலும் வர மாட்டார். மிஞ்சியதை எண்ணினால் நம்மட ஊரில் முதலாமிடம் அவருக்குத்தான். அடுத்த கழகக் கூட்டத்தில் காசு எதற்குப் போகணும் என்று பேச்சு வரும்போது, அவர் பெயரையும் யாராவது ஒருத்தர் சொல்லுங்க.