மூன்றாம் மாடியைக் காணோம்!

கோவையில் ஒரு கட்டிடப் படம் வரையும் ஆபீஸ். சனிக்கிழமை மாலை. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். வேலைக்குச் சேர்ந்து 2 மாதமே ஆன ஒரு பெண், கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைத் தொட்டு, அழிக்கும் பித்தானை அமுக்குகிறாள். ஓர் எச்சரிக்கை வருகிறது. படிக்க நேரம் இல்லை. பஸ் போய்விடும். "சரி" என்று தட்டிவிட்டுக் கிளம்புகிறாள்.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால், மூன்றாம் மாடியைக் காணோம்! சுவர் இல்லை. கதவு இல்லை. ஜன்னலும் இல்லை!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் நடக்கக் கூடியது.

இப்போது கட்டிடங்களைக் காகிதத்தில் வரைவது குறைந்துவிட்டது. முழுக் கட்டிடத்தையும் கம்ப்யூட்டருக்குள் முதலில் கட்டிப் பார்க்கிறார்கள். இதை "மாடல்" என்கிறார்கள். இதற்கு உதவும் "ரெவிட்" என்ற சாதனம் 2000-ம் ஆண்டில் வெளிவந்தது. 2002-ல் ஆட்டோடெஸ்க் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கியது. கோவையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் கட்டிடங்களுக்கு மாடல் செய்து அனுப்பும் இளைஞர்களும் பெண்களும் உண்டு. தோட்டம் காட்டை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

இந்த மாடலில் எல்லாம் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கும். சுவரை அழித்தால், அதில் பதித்த கதவும் ஜன்னலும் கூடவே போகும். ஒரு மாடியின் மட்டத்தைக் காட்டும் கோட்டை அழித்தால், அந்த மட்டத்தை நம்பி நிற்பவையும் போய்விடும். பார்வைக்கு அது வெறும் கோடு. ஆனால் அதன் தலையில்தான் ஒரு மாடியே நிற்கிறது!

பிளேடால் சுரண்டிய காலம்

முன்பு டிராயிங் காகிதத்தில் மையால் வரைந்தார்கள். ஒரு கோட்டை எடுக்க வேண்டுமானால் பிளேடை வைத்து மெல்லச் சுரண்ட வேண்டும். கை வலிக்கும். சுரண்டிய இடம் வெளுத்துக் காட்டும். "இங்கே என்ன இருந்தது? ஏன் எடுத்தாய்?" என்று பெரியவர் கேட்பார். அழிப்பது கஷ்டமாக இருந்தது. அந்தக் கஷ்டமே ஒரு காவல்.

கம்ப்யூட்டரில் அந்தக் காவல் போய்விட்டது. தூண் இருந்த இடம் துடைத்து வைத்தது போல் இருக்கும். அங்கே தூண் இருந்தது என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

கம்பி எத்தனை டன், சிமெண்டு எத்தனை மூட்டை என்ற கணக்கையும் இந்த மாடலில் இருந்தே எடுக்கிறார்கள். ஓர் உத்திரம் காணாமல் போனால், கணக்கிலும் அது காணாமல் போகும். யாரும் கவனிக்காவிட்டால், வேலை நடக்கும் இடத்தில்தான் குட்டு வெளிப்படும். அதற்குள் கம்பி வெட்டி முடிந்திருக்கும். பாங்கியில் கடன் வாங்கிக் கட்டுகிறவர் தலையில் அந்த நஷ்டம் விடியும்.

அழித்ததை மீட்க முடியாதா? உடனே கண்டால் முடியும். ஆட்டோகேட் என்ற பழைய படச் சாதனத்தில் "ஊப்ஸ்" என்று தட்டினால், கடைசியாக அழித்தது திரும்பி வரும். நாம் "ஐயோ" என்பதைத்தான் வெள்ளைக்காரர் "ஊப்ஸ்" என்கிறார்! ஆனால் ரெவிட்டில் பலர் சேர்ந்து ஒரே மாடலில் வேலை செய்வது உண்டு. அவரவர் வேலையைப் பொது மாடலில் ஒப்படைத்த பிறகு, அதைப் பின்வாங்கும் வசதி கிடையாது. பழைய நகலைத் தேடி எடுக்க வேண்டும். அந்த நகலுக்கே திரும்பிப் போனால், அதற்குப் பிறகு மற்றவர்கள் செய்த வேலை போய்விடும்.

கொத்தனாரின் முளைக்குச்சி

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் முதலில் என்ன செய்கிறார்? முளைக்குச்சி அடித்து நூல் பிடிக்கிறார். ஆடு மாடு இடறினாலும் அசையாமல் இருக்க, குச்சியைச் சுற்றிக் கொஞ்சம் சிமெண்டுக் கலவை போடுகிறார்.

ரெவிட்டிலும் இந்த வசதி உண்டு. ஒரு பொருளைத் தேர்ந்து "பின்" குத்திவிட்டால், அதை எடுக்கும் வரை அந்தப் பொருளை நகர்த்தவும் முடியாது, அழிக்கவும் முடியாது. பின் குத்தியவை கைக்கே சிக்காதபடி செய்ய இன்னொரு விசையும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் பின் குத்திவிடலாம் என்பார்கள் சிலர். அது தவறு. 100 பூட்டு போட்டால், யோசிக்காமல் திறப்பதே பழக்கமாகிவிடும். மட்டக் கோடுகள், தூண் வரிசையைக் காட்டும் கோடுகள், தூண்கள் இவற்றுக்குப் போட்டால் போதும். பின்னை எடுப்பவர் பெரியவரிடம் சொல்லிவிட்டு, ஏன் எடுத்தார் என்று எழுதி வைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கவே சிலர் சுவரை அழிக்கிறார்கள்! மறைத்து வைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே அதைச் சொல்லிக் கொடுத்தால் என்ன?

தொப்பி போனது, பூட்ஸ் போனது!

1998-ம் ஆண்டு அமெரிக்காவில் பிக்சார் நிறுவனம் "டாய் ஸ்டோரி 2" என்ற பொம்மைப் படத்தைத் தயாரித்துக் கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தவறான கட்டளையைத் தட்டிவிட்டார். கதாநாயகப் பொம்மையின் தொப்பி மறைந்தது. பூட்ஸ் மறைந்தது. பிறகு பொம்மையே மறைந்தது! நகல் இருக்கிறதே என்று ஓடினார்கள். நகல் எடுக்கும் ஏற்பாடும் பழுதாகிக் கிடந்தது. யாரும் திறந்து பார்த்திருக்கவில்லை.

கேலின் சூஸ்மன் என்ற பெண் அதிகாரி, குழந்தை பெற்று வீட்டில் இருந்தபடியே வேலை செய்தவர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டு வந்தார்கள். படம் 1999-ல் வெளிவந்தது.

பிக்சார் தலைவராக இருந்த எட் கேட்மல் இதைத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். படத்தை மீட்டார்கள், நகல் ஏற்பாட்டைச் சரி செய்தார்கள், அழிக்கும் கட்டளை எளிதில் கைக்கு வராதபடி தடுத்தார்கள். கட்டளை தட்டியவரைத் தேடிப் பிடித்துத் தண்டிக்கவில்லை.

நம் ஊர் முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் மாடி காணாமல் போனால் அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடிக்கத் தோன்றும். பிடித்தால் என்ன ஆகும்? அடுத்த முறை தவறு செய்கிறவர் வாயைத் திறக்க மாட்டார். விஷயம் திங்கட்கிழமை தெரியாது. கம்பி கட்டும் நாளில்தான் தெரியும்! பட்டம் வாங்கி நேற்று வந்த பிள்ளையின் விரல் பட்டு ஒரு மாடி போகிறது என்றால், அந்த மாடியைப் பூட்டாமல் விட்டது யார்?

பூட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். நகலை எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கிறோம் என்பார்கள். அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? மாதம் ஒரு சனிக்கிழமை, அதைத் திறந்து மாடிகளை எண்ணிப் பார்க்கலாம். ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும்.