எடையை மாற்றக் கற்றுக்கொடுப்போம்

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28 அன்று. அப்போது நாற்பது வயதில் இருந்த ஆண்டர்சன்பேட்டைத் தொழிலாளி இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். பாறைத்தூசி தந்த சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயோடு வாழ்கிறவர்கள் அந்தத் தலைமுறையில் உண்டு. மூச்சு வாங்குகிறவர் நடையைக் குறைத்துக்கொள்கிறார். நடை குறைந்தால் தொடை வலு இழக்கிறது. அதன்பின் குளியலறை வாசற்படி ஒன்று போதும், விழுவதற்கு.

இவர்களுக்கு இயன்மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டும் பயிற்சி, கையில் ஒரு தடி. இரண்டும் தேவைதான், சமநிலைக்குப் போதாது.

அமெரிக்காவின் ஓரிகானில் ஃபூஜொங் லி குழுவினர், எழுபது வயதை எட்டிய, விழும் அபாயம் கூடிய 670 பேரை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டனர். வாரம் இருமுறை என 24 வாரம் தாய்ச்சி என்னும் மெதுவான சீன உடற்பயிற்சியைச் செய்தவர்கள், தசை நீட்டல் மட்டும் செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். பல பயிற்சிகள் கலந்த திட்டத்தோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. 2019இன் காக்ரேன் தொகுப்பாய்வு தரும் எண் சிறியது: விழுகிறவர்களின் எண்ணிக்கை 20 சதவீதம் குறைகிறது. அதுவே நமக்குப் பெரிய எண்.

லி குழுவின் திட்டத்தில் இருந்தவை எட்டே அசைவுகள். அவற்றின் உயிர் கையசைவில் இல்லை, காலில் இருக்கிறது. முழங்கால் லேசாக மடங்கி நிற்க, உடலின் எடை முழுவதும் வலக்காலுக்குப் போகிறது. காலியான இடக்கால் மெல்ல முன்னே வந்து குதிகாலால் தரையைத் தொடுகிறது. பிறகுதான் எடை அங்கே நகர்கிறது. சொல்லித்தருபவரின் கண் நோயாளியின் இடுப்பில் இருக்க வேண்டும். இடுப்பு ஒருபக்கம் சரிந்தாலோ, மூச்சை அடக்கினாலோ, அடி நீளம் என்று பொருள். அடியைச் சுருக்குங்கள்.

நுரையீரல் பாதித்தவருக்கு இந்த நிதானம் நல்ல வாய்ப்பு. பக்கத்தில் ஒரு நாற்காலி, விரலில் ஆக்சிமீட்டர், மூச்சு வாங்கினால் உட்காரும் உரிமை, இவ்வளவு இருந்தால் தொடங்கலாம். கருவி வேண்டாம், பெரிய கூடமும் வேண்டாம். தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே சமதரை போதும்.

ஒருநாள் முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதால் யாருக்கும் கால் உறுதிப்படாது. யாரிடம் தொடங்குவது என்று அறிய, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி உட்காரச் சொல்லுங்கள். பன்னிரண்டு வினாடிக்கு மேல் எடுப்பவர்களிடம் முதலில் தொடங்குங்கள். வாரம் இரண்டு நாள், ஆறு மாதம், விடாமல் நடத்துங்கள்.