எழுதினது யாருங்க?

ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன். பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல், செல்போனைத் தட்டிப் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும்.

'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக வந்தவர் யார்? டெல்லி குமார். சபாஷ். அம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டு பெண்டாட்டியைப் படுத்தி எடுத்த மாணிக்கம்? சேத்தன். ரொம்ப சரி. டைட்டில் பாட்டுக்கு ஆடியவர்? இதை யாரும் தப்பு விடமாட்டீர்கள். சாந்தி. இருபது வருஷம் கழித்து 2022-இல், பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் செம்பரம்பாக்கத்தில் செட் போட்ட 'பிக் பாஸ்' வீட்டுக்குள் அவர் போனபோதும் 'மெட்டி ஒலி சாந்தி'யாகத்தான் போனார்.

கடைசிக் கேள்வி. இவர்கள் எல்லாம் இத்தனை நாள் பேசினார்களே, அந்தப் பேச்சை எழுதினது யாருங்க?

ஏன் சத்தத்தையே காணோம்?

'மெட்டி ஒலி' சன் டி.வி.யில் 2002 ஏப்ரலில் ஆரம்பித்து 2005 டிசம்பரில் முடிந்தது. 800 எபிசோடுகளுக்கு மேல். 2020-இல் கொரோனா ஊரடங்கில் ஷூட்டிங் எல்லாம் நின்றுபோனபோது மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் உட்கார்ந்து பார்த்தீர்கள். விஜியாக நடித்த உமா மகேஸ்வரி 2021-இல் இறந்தபோது சொந்தக்காரப் பெண் போய்விட்ட மாதிரி வருத்தப்பட்டீர்கள். "அதெல்லாம் சீரியலு! இப்ப வர்றதும் ஒரு சீரியலா?" என்று பெருமூச்சு வேறு. இவ்வளவு பாசம் வைத்தவர்களுக்கு எழுதியவர் பெயர் மட்டும் ஞாபகத்தில் இல்லை.

நானே சொல்லிவிடுகிறேன். கதை, இயக்கம் திருமுருகன். கோபியாக நடித்தாரே, அவரேதான். வசனம் பாஸ்கர் சக்தி. தேனிப் பக்கத்துக்காரர், சிறுகதை எழுத்தாளர். அவருடைய 'அழகர்சாமியின் குதிரை' 2011-இல் சினிமாவாகித் தேசிய விருது வாங்கியது. புத்தகம் படிக்கிறவர்களுக்கு அவரை அந்தக் குதிரையால் தெரியும். சினிமா பார்க்கிறவர்களுக்கு 'வெண்ணிலா கபடிக் குழு'வால் தெரியும். தினம் ராத்திரி அவர் எழுதிய வார்த்தைகளைக் கேட்டு அழுத வீடுகளில்தான் அவரைத் தெரியாது.

இதை மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இதற்குப் பெயர் இளக்காரம்.

கோபம் வருகிறதா? இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் வந்த 'மர்மதேசம்' யார் எழுதியது? பட்டென்று பதில் வருகிறது பாருங்கள். இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பரில் அவர் காலமானபோது இரங்கல் சொன்ன எல்லோரும் முதலில் சொன்னது 'மர்மதேசம்', 'விடாது கருப்பு'. நியாயமான மரியாதைதான். அவர் ஏற்கெனவே பிரபலமான நாவலாசிரியர் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. மர்மக் கதையை ஆண்களும் பார்த்தார்கள். மறுநாள் ஆபீஸில் டீ குடிக்கும்போது பேசினார்கள். அது மூளைக்கு வேலை. மாமியார், நாத்தனார், சீர்வரிசை என்றால் மூக்கைச் சிந்துகிற வேலை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்கான சரக்கு. அதைப் போய் ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருப்பார் என்று நமக்குத் தோன்றவே இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி, டி.வி.யைப் போட்டால் சீரியல் வருகிறது. அவ்வளவுதான்.

அந்த வருஷங்களின் பத்திரிகை ஜோக்குகளைப் புரட்டிப் பாருங்கள். சீரியல் பார்த்து அழும் மனைவி, பசியோடு காத்திருக்கும் கணவன், விருந்தாளி வந்தும் எழுந்திருக்காத மாமி. வாராவாரம் இதேதான். நாலு நாள் ஓடிப் பெட்டிக்குள் போன சினிமாவுக்குக்கூட அரைப் பக்க விமர்சனம் உண்டு. மூன்றரை வருஷம் ஓடிய தொடருக்கு அரை வரி கிடையாது.

ஆனால் விமர்சனமே நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நடந்தது. பட்டாபிராம் லோக்கலின் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் நடந்தது.

சென்னையின் மேற்குப் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஆவடியில் ராணுவ உடைத் தொழிற்சாலை. 1964-இல் உருவான அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கார்மென்ட்ஸ் கம்பெனிகள். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து காலரும் கையும் தைக்கிற பெண்கள். அவர்கள் வீடு திரும்பி, உலை வைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லி, ராத்திரி தொடரைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் ஆவடியில் ஏறுவார்கள். அண்ணனூர் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடும். "இன்னாக்கா, நேத்து பாத்தியா? அந்தப் பொண்ணு அப்பிடிப் பேசிருக்கவே கூடாது." "ஏன் கூடாது? நீ அந்த வூட்ல நாலு நாள் இருந்து பாரு, தெரியும்." திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம் வரை இதுதான். யார் செய்தது நியாயம், யார் சொன்ன சொல் அதிகம், அந்த அப்பா அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டாமா? இதை விடப் பெரிய இலக்கியக் கூட்டம் எந்த மண்டபத்தில் நடந்தது, சொல்லுங்கள். மைக்கும் பொன்னாடையும்தான் இல்லை.

எதனால் அப்படிப் பேச முடிந்தது? எழுத்தால்தான். பழைய ரசிகர்கள் 'குடும்பப்பாங்கு' என்று ஒரு வார்த்தை சொல்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தையில் நம்பிக்கை இல்லை. 'மெட்டி ஒலி' குடும்பத்தைக் கோயிலாகக் காட்டவில்லை. கணக்கு நோட்டாகக் காட்டியது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு செலவு. ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கடன். பெண் பிறந்த வீட்டுக்கு ஒரு நாள் கூடுதலாக வந்து தங்கினால் அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். பாலில் விஷம் வைக்கத் தேவையே இல்லாமல், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொல்லும் ஒரு வார்த்தையே போதும் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணத்துக்குத் தங்கை காத்திருக்கும் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் பெண்ணுக்கு அது கதையாகப் படவில்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். விளம்பரம் போக ஒரு எபிசோடு 20 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 எபிசோடு என்றால் 16,000 நிமிஷம். இரண்டரை மணி நேர சினிமா நூறுக்கும் மேல். 2003-லிருந்து 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,500 எபிசோடுகளைத் தாண்டியது. அது 200 சினிமா! வாழ்நாளில் நூறு படத்துக்கு வசனம் எழுதியவருக்கு நாம் பாராட்டு விழா எடுப்போம், கட்-அவுட் வைப்போம். அதையே மூன்றரை வருஷத்தில் எழுதி முடித்தவர்களின் பெயரைக்கூடக் கேட்க மாட்டோம்.

அதுவும் எப்படிப்பட்ட எழுத்து! வாரம் ஐந்து நாளும் கொக்கி போட்டு நிறுத்த வேண்டும். ஒரு நடிகருக்கு சினிமாவில் கால்ஷீட் விழுந்தால் அவரை அவசரமாக வெளியூர் அனுப்ப வேண்டும். இன்னொருவர் கோபித்துக்கொண்டு போனால் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு போட்டுவிட்டு, புது முகத்தின் வாயில் பழைய ஆளின் பேச்சைப் பொருத்த வேண்டும். அந்த நாளில் சன் டி.வி.யில் தயாரிப்பாளர்தான் நேரத்துக்குப் பணம் கட்டி, விளம்பரத்தை விற்றுத் தன் காசை எடுக்க வேண்டும். தொடர் நீண்டால்தான் அவருக்கு லாபம். அந்த நெருக்கடிக்குள்ளும் பாத்திரம் பாத்திரமாகவே பேசியது என்றால், அதைத் தொழில் சுத்தம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்? 1984-இல் தூர்தர்ஷனில் வந்த 'ஹம் லோக்'கை எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. இந்தியத் தொலைக்காட்சித் தொடரின் தந்தை என்றே ஹிந்திக்காரர்கள் அவரைச் சொல்கிறார்கள். அவர் நாவலாசிரியரும்கூட. சாகித்ய அகாடமி விருது வாங்கினார். திரைக்கதை எழுதுவது பற்றி ஹிந்தியில் ஒரு பாடப் புத்தகமே எழுதினார். இங்கிலாந்தில் 1960-இல் ஆரம்பித்து இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' யாருடையது என்றால், டோனி வாரனுடையது என்பார்கள். அமெரிக்காவில் சோப்பு கம்பெனிகள் காசு கொடுத்ததால்தான் இந்த வகைக்கே 'சோப்' என்று கிண்டலாகப் பெயர் வந்தது. அதே அமெரிக்காவில்தான் பகல் நேரத் தொடர்களுக்கான எம்மி விருதில் எழுத்தாளர் குழுவுக்கென்று தனியாக ஒரு விருது இருக்கிறது. அவர்கள் கிண்டலும் செய்வார்கள், பெயரையும் எழுதி வைப்பார்கள். நாம் முதல் வேலையோடு நிறுத்திக்கொண்டோம்.

"அழ வெச்சுக் காசு பண்ணினாங்க. அதுக்கு இவ்வளவு மரியாதையா?" என்று ஒருவர் கேட்பார். கேட்கட்டும். எல்லாம் உன்னதம் என்று நானும் சொல்ல வரவில்லை. இழுவை உண்டு. எத்தனை அடி வாங்கினாலும் பெண்ணைப் 'பொறுத்துப் போம்மா' என்று திருப்பி அனுப்புவதையே பெருமையாகக் காட்டிய எபிசோடுகள் எத்தனையோ தொடர்களில் உண்டு. சொந்தக் காலில் நிற்க நினைத்த ஒரு பெண்ணின் கதையாக ஆரம்பித்த 'கோலங்கள்' போகப் போகக் கொலை முயற்சிகளின் தொகுப்பாக மாறியதும் உண்டு. இதையெல்லாம் திட்ட வேண்டும். ஆனால் யாரைத் திட்டுவீர்கள்? சினிமாவில் ஒரு பெண் பாத்திரத்தைக் கேவலப்படுத்தினால் டைரக்டர் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். அவரும் பேட்டியில் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. சீரியலில் நடந்தால் "டி.வி.காரன் இப்படிப் பண்றான்" என்கிறோம். டி.வி.காரன் என்று யாரும் கிடையாது. ஒரு பெண்ணை அந்த வீட்டுக்கே திரும்பிப் போக வைத்தது ஒரு மனிதர், ஒரு மேஜையில் உட்கார்ந்து எடுத்த முடிவு. பெயர் தெரிந்தால்தான் பாராட்ட முடியும். பெயர் தெரிந்தால்தான் சண்டை போடவும் முடியும்.

பழைய தொடர்களை நினைத்து உருகுகிறவர்களோடு எனக்கு இருக்கும் தகராறும் இதுதான். "இப்ப தரம் போச்சு" என்கிறீர்கள். தரம் தானாகப் போகவில்லை. எழுத்துக்கு ஆள் கேட்காத இடத்தில், எண்ணிக்கை வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. வாரம் ஐந்து நாள் ஆறு நாளானது. வியாழக்கிழமை ரேட்டிங் வந்தால் அடுத்த வாரத்துக் கதை மாறுகிறது. செத்தவர் பிழைக்கிறார், பிழைத்தவருக்கு ஞாபகம் போகிறது. நன்றாக எழுதினால் யாரும் கவனிக்கப் போவதில்லை, மோசமாக எழுதினாலும் யாரும் கேட்கப் போவதில்லை என்றால், ஒருவர் எதற்காக ராத்திரி கண் விழித்து நன்றாக எழுத வேண்டும்?

அப்படியும் எழுதுகிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். 2022-இல் திருச்செல்வம் இயக்கத்தில் ஆரம்பித்த 'எதிர்நீச்சல்', படித்த மருமகள்களை அடுப்படியில் பூட்டி வைக்கும் ஒரு வீட்டைக் காட்டியது. ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்துவின் பேச்சு ஊரெல்லாம் மீம்ஸ் ஆனது. 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது ஊரே அழுதது. நல்ல நடிகர், சந்தேகமில்லை. ஆனால் அவர் வாய்க்கு வந்த அந்தப் பேச்சு ஒரு தாளில் எழுதப்பட்டு வந்தது. அந்தத் தாள் யாருடையது என்று எத்தனை பேர் தேடினோம்?

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன். சேனல்காரர்களே, எழுதியவர் பெயரைப் படிக்க முடிகிற வேகத்தில் போடுங்கள். பழைய தொடரைத் திரும்பப் போட்டால், யூடியூபில் ஏற்றினால், அதில் வரும் காசில் எழுதியவருக்கும் பங்கு கொடுங்கள். பதிப்பாளர்களே, சினிமாத் திரைக்கதைகளைப் புத்தகமாகப் போடுகிறீர்களே, 'மெட்டி ஒலி'யின் நல்ல எபிசோடுகள் ஐம்பதைத் தேர்ந்தெடுத்துப் புத்தகமாகப் போடுங்கள். தமிழில் சீரியல் எழுத வருகிற ஒரு இருபது வயதுப் பெண் எதைப் படித்துத் தொழில் கற்றுக்கொள்வாள்?

மூன்றாவது உங்களுக்கு. இன்றைக்கு ராத்திரி தொடர் ஆரம்பிக்கும்போது குழம்பைக் கிளறப் போய்விடாதீர்கள். பாட்டு ஓடும், முகங்கள் வரும், கடைசியில் 'வசனம்' என்று ஒரு வரி வரும். ரெண்டு செகண்ட்தான் நிற்கும். கண்ணைச் சிமிட்டாமல் அந்தப் பெயரைப் படியுங்கள். நாளைக் காலை ரயிலில் திட்டுவதானாலும் சரி, மெச்சுவதானாலும் சரி, அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.