சேர்ந்தால் கெட்டுப்போக மாட்டார்கள்

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், கொட்டகலை பக்கத்து உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வளர்க்கிறவர்களும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் இரண்டு பேர் கூட்டாளியாகிவிட்டால் உடனே பிரித்துவிட வேண்டும் என்றொரு எண்ணம் நம் பாடசாலைகளிலும் வீடுகளிலும் ஊறிக் கிடக்கிறது. “இதுக்கு அது துணை. இனி ரெண்டும் உருப்படாது.” “நல்ல புள்ளைகளோட சேர்ந்தாத்தான் இது பழகும்.” இந்த எண்ணம் பிழை. பிழை மட்டுமல்ல, அநியாயம். இந்தப் பக்கத்தில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் பல நாள் கதைத்துப் பார்த்த பிறகுதான் நாங்கள் இதை எழுதுகிறோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டப் பாடசாலை. பெயர் வேண்டாம். தரம் 6இல் ஒரு பையன். பிந்தி வந்தால் ஆசிரியர் கேட்பார், “இப்ப மணி என்ன?” அவன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து “எட்டு பத்து சேர்” என்பான். வகுப்பு சிரிக்கும். “உனக்கு அறிவிருக்கா?” “இருக்கு சேர்.” வாய்க்காரன் என்று பெயர் விழுந்துவிட்டது. அடியும் விழுந்தது. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னதைத் தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை.

அவனுக்கு வழி காட்டியது எந்த ஆசிரியரும் இல்லை. தரம் 9இல் படிக்கும், அதே மாதிரி அடி வாங்கி வளர்ந்த இன்னொரு பையன். இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வைத்துச் சொல்லிக் கொடுப்பான். “சேர் மணி கேட்டா மணி சொல்லாத. ‘சொறி சேர், லேட்டாயிருச்சு’ன்னு சொல்லு.” “‘யாராவது கதவ மூடுங்க’ன்னா, கதவுக்குக் கிட்ட இருக்கிறவன்தான் மூடணும். நீ கிட்ட இருந்தா எழும்பு.” “எல்லாரும் சிரிச்சா நீயும் சிரிக்கத் தேவல்ல. என்னா நடந்துச்சுன்னு அப்புறமா என்கிட்ட கேளு.”

கடைசி வரியைக் கவனியுங்கள். நாம் என்றால் “கண்ணப் பாத்துப் பேசு, எல்லாரையும் போல சிரி” என்று சொல்லியிருப்போம். அவன் அர்த்தத்தைச் சொன்னான், ஆனால் நடிக்கச் சொல்லவில்லை. ஒரு தவணைக்குள் சின்னவனுக்கு அடி குறைந்தது. பிறகு யாரோ முறைப்பாடு செய்ய, இடைவேளையில் இருவரும் சேரக்கூடாது என்று உத்தரவு வந்தது. இப்போது சின்னவன் மறுபடியும் சரியாக மணி சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நாம் கதைப்பதை ஒரு நாள் நாமே கேட்டுப் பார்ப்போம். “போயிட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர் அன்றைக்குத் திரும்பி வரமாட்டார். “தேத்தண்ணி வேணாம்” என்றால் இன்னொரு தரம் கேட்க வேண்டும். ஒப்பீஸில் “பாப்பம்” என்றால் இல்லை. “சும்மாதான் வந்தேன்” என்றால் கடன் கேட்க வந்திருக்கிறார். அல்லாஹ் நாடினால் என்று உறுதியாகச் சொல்ல வேண்டிய “இன்ஷா அல்லாஹ்”வையும் நம்மில் பலர் வரமாட்டேன் என்பதற்குப் பதிலாகப் பாவிக்கிறோம். இவை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற பிள்ளையைக் குறையுள்ளது என்கிறோம். சொல்லாததைப் புரிந்துகொள் என்று எதிர்பார்க்கிற நம்மில் ஒரு குறையும் இல்லையாம்!

மலையகத்தில் இருக்கும் நமக்கு இந்த நிலைமை புதிதா? லயத்திலிருந்து முதன்முதலாகக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிற தம்பிக்கு யார் வழி சொல்கிறார்கள்? முதலாளியா? இல்லை. மூன்று வருசம் முந்திப் போன அதே தோட்டத்து அண்ணன். “மொதலாளி ‘சாப்பிட்டியா’ன்னா சோறு போடப் போறார்னு நெனைக்காத. சீக்கிரம் சாப்பிட்டு வரச் சொல்றார்.” அந்த இரண்டு பேரையும் பிரித்து வைத்தால்தான் தம்பி கொழும்பைப் பழகுவான் என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். முந்திப் போனவன்தான் பிந்தி வருகிறவனுக்கு வழி சொல்ல முடியும். ஓட்டிசம் உள்ளவர்களுக்கு நம் பேச்சு முழுவதும் ஒரு கொழும்பு.

இது எங்கள் கற்பனை இல்லை. 1943இல் லியோ கானர் இந்தப் பிள்ளைகளைப் பற்றித் தன் கட்டுரையை எழுதிய காலத்திலிருந்து, குறை பிள்ளைக்குள்ளேதான் இருக்கிறது என்றே பெரும்பாலும் பார்த்தார்கள். 2012இல் டேமியன் மில்டன், பிரிட்டனைச் சேர்ந்த, தானும் ஓட்டிசம் உள்ள சமூகவியலாளர், இந்தப் பார்வையைத் திருப்பிப் போட்டார். அவர்களுக்கு நம்மைப் புரியாதது போலவே நமக்கும் அவர்களைப் புரிவதில்லை, சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார்.

2020இல் கேத்தரின் குரொம்ப்டன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 72 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நம் பிள்ளைகள் காதில் சொல்லி விளையாடுவது போல, எட்டுப் பேர் வரிசையில் ஒருவருக்கொருவர் ஒரு கதையைக் கடத்த வேண்டும். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை மற்றவர்களின் வரிசையைப் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. பிறகு 300க்கு மேற்பட்டவர்களை வைத்து மறுபடி செய்து 2025இல் வெளியிட்டபோது, கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. ஆனால் இரண்டு தடவையும் மாறாத விசயம் ஒன்றுண்டு. ஓட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் கதைத்தபோது மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. “ரெண்டும் சேர்ந்தா உருப்படாது” என்பதற்கு எங்கே ஆதாரம்?

அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ளவர்கள் 1996இலேயே தங்களுக்கென்று ஒரு முகாம் நடத்தத் தொடங்கினார்கள். முகத்தைப் பார்த்து மனதை அறிவது கடினம் என்பதால் அவர்களே ஒரு வழி கண்டார்கள். நிற அட்டை. பச்சை அணிந்தால் என்னோடு வந்து கதைக்கலாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும். சிவப்பு என்றால் இப்போது வேண்டாம். செலவு என்ன? மூன்று துண்டு பிறிஸ்டல் போட். இதை எந்த வகுப்பறையிலும் நாளைக்கே செய்யலாம்.

“எல்லாப் புள்ளையும் பேசுறதில்லையே டீச்சர்” என்பீர்கள். உண்மை. பேசாத பிள்ளைக்கு வேறு உதவியும் வேண்டும். ஆனால் பக்கத்தில் தன்னைப் போல் ஒருவர் அமைதியாக இருப்பதே ஆறுதல் என்பதைப் பேசாத பிள்ளையிடமும் பார்க்கலாம். “வைத்தியர் தேவையில்லையா?” தேவை. ஆனால் ராகமைக்கும் கொழும்புக்கும் பிள்ளையைக் கொண்டு போய் வர, கொழுந்து எடுக்கிற தாய்க்கு ஒவ்வொரு தடவையும் பேர் போகிறது. போன இடத்தில் தமிழில் கதைக்க ஆள் கிடைப்பதும் எளிதில்லை. வைத்தியர் கிடைக்கும் வரை பிள்ளையைத் தனியே வைக்கச் சொல்லி எந்த வைத்தியரும் எழுதித் தரவில்லை.

நம் மஹல்லாவாசிகளுக்கு ஒரு வார்த்தை. அபஸ சூரா நமக்குத் தெரியும். பார்வையற்ற ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் கேட்டு வந்த நேரத்தில் இறங்கியது. சுளித்த முகத்தை அவர்களால் பார்க்க முடியாது. முகக்குறிப்பை அறியவில்லை என்று அல்லாஹ் அவர்களைக் குறை சொல்லவில்லை. கேட்டு வந்தவரின் பக்கமே வசனம் இறங்கியது. பின்னர் அவர்களே மதீனாவில் பாங்கு சொன்னார்கள். குர்ஆன் மத்ரஸாவில் குறிப்பு விளங்காத பிள்ளையைப் பிரம்பால் திருத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

2009இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வு 93 சிறுவர்களில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று கணித்தது. அது ஒரு சிறிய பகுதியில் செய்த ஆய்வுதான். ஆனாலும் அந்தக் கணக்கைப் பிடித்தால் 900 பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் ஒன்பது, பத்துப் பேர். ஆளுக்கொரு மூலையில், தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு.

நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு வகுப்பறை, சத்தமில்லாத இரண்டு மணித்தியாலம். பெரிய பிள்ளைகளும் வேலைக்குப் போகிற இளைஞர்களும் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். “அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்க?” என்று வெட்கமில்லாமல் கேட்க ஓர் இடம் இருக்கட்டும். ஆசிரியர்கள் கதவுப் பக்கம் இருந்தால் போதும். அறை தரக்கூடிய அதிபர்கள், கோயில், சேர்ச், பள்ளிவாசல் நிர்வாகத்தினர் இன்பொக்ஸில் வாருங்கள். முடியும் என்றால் முடியும் என்று சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்று நேராகவே சொல்லுங்கள். தயவுசெய்து “பாப்பம்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.