கொப்பரைத் தொழிலாளியின் வீட்டுக்கு யார் வாடகை வாங்குவது?

பிரிட்டனும் மொரீஷியஸும் 2025 மே 22 அன்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்துமகா சமுத்திரத்திலுள்ள சாகோஸ் தீவுகள் மொரீஷியஸுக்கே சொந்தம் என்று அதில் பிரிட்டிஷ் சர்க்கார் ஒப்புக்கொண்டது. ஆனால் பெரிய தீவான டீகோ கார்சியா 99 வருஷத்துக்கு பிரிட்டன் கையிலேயே இருக்குமாம். சராசரியாக வருஷத்துக்கு 10 கோடியே 10 லட்சம் பவுண்டு வாடகையாம். அங்குள்ள அமெரிக்க ராணுவத் தளம் அசையாதாம்! ராஜதந்திர வெற்றி என்று இரு சர்க்கார்களும் மார்தட்டின. நாம் கேட்கிறோம்: வீட்டுக்காரன் எங்கே?

தோழர்களே, அந்த வீட்டுக்காரன் தென்னந்தோப்புத் தொழிலாளி. மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்து வரப்பட்ட அடிமைகளின் சந்ததி. பின்னால் இந்தியாவிலிருந்து போன கூலிகளின் ரத்தமும் அதில் கலந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கொப்பரை உலர்த்திக் கம்பெனியைக் கொழுக்க வைத்தவர்கள் இவர்கள்.

1965-ல் மொரீஷியஸ் தலைவர்கள் சுதந்திரம் பற்றிப் பேச லண்டனுக்குப் போனார்கள். வில்சன் சர்க்கார் (தொழிற்கட்சி சர்க்கார்தான், கவனியுங்கள்!) அப்போது தீவுகளை வெட்டியெடுத்துக்கொண்டு 30 லட்சம் பவுண்டை விலையாக நீட்டியது. தளம் அமைக்க இடம் கொடுத்ததற்காக, போலாரிஸ் ஏவுகணை வியாபாரத்தில் அமெரிக்காவிடம் 1 கோடியே 40 லட்சம் டாலர் தள்ளுபடியும் பெற்றது. அங்கே நிரந்தரக் குடிகளே இல்லை, வந்து போகும் ஒப்பந்தக் கூலிகள்தான் என்று உலகத்துக்குக் கூசாமல் பொய் சொன்னது. பாட்டன் புதைந்த மண்ணில் பேரன் கூலியாளாம்!

1968 முதல் 1973-க்குள் 1,500-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றித் துரத்தினார்கள். 1971-ல் அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரைக் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். 1982-ல் ஒப்புக்கொண்ட அற்ப நஷ்டஈட்டைக் கொடுக்கும்போது, அவர்களுக்குப் படிக்கத் தெரியாத இங்கிலீஷ் காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். ஊர் திரும்பும் உரிமையைக் கைவிடுவதாக அதில் எழுதியிருந்தது.

2019-ல் சர்வதேச நீதிமன்றம் பிரிட்டனின் செய்கை சட்டவிரோதம் என்றது. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதை ஆமோதித்தன. 6 நாடுகளே எதிர்த்தன. மொரீஷியஸின் வழக்கு நியாயமானது, அதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் வென்ற பிறகு நடந்த பேரத்தில் சாகோஸ் மக்களுக்கு ஓர் ஆசனம்கூட இல்லை. மற்றத் தீவுகளில் குடியேறலாம், டீகோ கார்சியாவில் மட்டும் கூடாது என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆப்கானிஸ்தான் மீதும் இராக் மீதும் குண்டு போட விமானங்கள் கிளம்பிய தீவல்லவா அது!

அந்தத் தளத்தில் சமைக்கவும் துடைக்கவும் பிலிப்பைன்ஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். தீவில் பிறந்தவனுக்கு அந்தக் கூலி வேலையும் நெடுங்காலம் மறுக்கப்பட்டது.