நெல் விளையும் ஊரில் ஓட்டல் சோறு எந்த ஊர் அரிசி?

தஞ்சைச் சீமைக்கு நெற்களஞ்சியம் என்று பெயர். மேட்டூர் அணையிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பல கிளைகளாகப் பிரிந்து பாய்கிறது. குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டு முழுவதும் வயலில் வேலை இருக்கும். தஞ்சாவூரை விட்டு எந்தச் சாலையில் போனாலும் இரு பக்கமும் வயல்தான்.

இப்படிப்பட்ட ஊரில் ஓட்டலுக்குப் போய் இலை முன் உட்காருகிறவர், "இங்கே விளைந்த அரிசியைச் சாப்பிடுகிறோம்" என்றுதான் நினைப்பார். ஆனால், அது நிச்சயம் இல்லை. பக்கத்து வயலில் விளைந்த நெல் ஒரு பக்கம் போகிறது. இலையில் விழும் சோறு வேறு பக்கமிருந்து வரக்கூடும். இது ஏன்?

இலையில் இருப்பவை

முதலில் இலை. வாழை இலை பெரும்பாலும் திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டியதாக இருக்கும். தேங்காய்க்குப் பட்டுக்கோட்டை, பேராவூரணி இருக்கின்றன. மீன் குழம்பு என்றால் அதிராம்பட்டினம் கடற்கரை தூரம் இல்லை.

சாம்பாருக்குப் போடும் துவரம்பருப்பு அப்படி அல்ல. அது அதிகமாக விளைவது கர்நாடகத்திலும் மராட்டியத்திலும். பெரிய வெங்காயம் நாசிக்கிலிருந்து லாரி ஏறி வருகிறது.

சோறு? தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் "கர்நாடகப் பொன்னி" என்ற பெயர் தெரியாதவர் கிடையாது. ஆந்திராவிலிருந்தும் மூட்டை மூட்டையாக அரிசி வருகிறது. அந்த மூட்டைகள் தஞ்சைக்கும் வருகின்றன.

நெல் எங்கே போகிறது?

டெல்டா விவசாயி அறுவடை முடிந்ததும் நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகிறார். அங்கே வாங்குவது 1972-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். 2025 செப்டம்பரில் குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய் என்று விலை வைத்தார்கள். ஒரு குவிண்டால் என்பது 100 கிலோ.

அரசாங்கம் வாங்கிய நெல் அரவை ஆலைக்குப் போய், அரிசியாகி, ரேஷன் கடைக்குப் போகிறது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அதாவது, தஞ்சை நெல் எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் உலையில் வேகிறது. இது குறை சொல்லும் காரியம் அல்ல. பெருமைப்பட வேண்டிய காரியம்.

ஆனால் விவசாயிக்கு வேறு வாங்குவோர் குறைவு. அதுதான் சங்கடம். நெல்லில் ஈரம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொது விதி. மழை அதிகமான ஆண்டுகளில் மத்திய அரசிடம் கேட்டு இதைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலையங்களில் குவிந்து கிடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. விற்கக் கொண்டுவந்த நெல் கண்ணெதிரே நனைந்து முளைத்தது. ஒரே வாசலை நம்பி நிற்பவருக்கு அந்த வாசலில் தாமதமானால் வேறு போக்கிடம் இல்லை.

ஓட்டல்காரர் சொல்லும் நியாயம்

ஓட்டல் நடத்துகிறவருக்கும் ஒரு நியாயம் உண்டு. அவருக்குத் தினமும் ஒரே மாதிரிச் சோறு வேண்டும். புது அரிசி குழைந்துவிடும். பழைய அரிசி உதிரியாக வேகும், நிறையவும் காணும். நெல்லை வாங்கி மாதக்கணக்கில் இருப்பு வைக்க அவரிடம் கிடங்கும் இல்லை, முதலும் இல்லை. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பெயர் உள்ள மூட்டை கடையில் கிடைக்கும்போது அவர் அதைத்தான் வாங்குவார்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டைக் காட்டிலும் காலை இட்லிக்குத்தான் உள்ளூர் உறவு அதிகம். ஆடுதுறை 37 போன்ற குண்டு ரகங்கள் இட்லிக்கு ஏற்றவை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இதே மண்ணில் இருக்கிறது. உளுந்தும் இந்த மண்ணில்தான் விளைகிறது. சம்பா, தாளடி அறுவடைக்குச் சுமார் ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது விளையும்.

கும்பகோணம் ஓட்டல்களில் இட்லிக்குக் கொடுக்கும் கடப்பாவுக்கும், திருவையாற்று அசோகா அல்வாவுக்கும் பாசிப்பருப்புதான் ஆதாரம். வயலில் இருந்ததே அடுப்புக்கு வந்தது. அதுவே ஊருக்குப் பெயரும் வாங்கித் தந்தது.

ஒரு சாப்பாட்டில் விவசாயிக்கு எவ்வளவு?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் சாப்பாட்டுக்கு 200 கிராம் அரிசி என்று வைத்துக் கொள்வோம். 100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 68 கிலோ புழுங்கலரிசி கிடைக்கும். அப்படியானால் 200 கிராம் அரிசிக்கு ஏறக்குறைய 300 கிராம் நெல் வேண்டும். கிலோ 25 ரூபாய் வீதம் அதன் விலை ஏழரை ரூபாய்!

சாப்பாடு 100 ரூபாய் என்றால், நெல் விளைவித்தவருக்குச் சேருவது ஏழரை ரூபாய்தான். விதை, உரம், ஆள் கூலி எல்லாம் அதற்குள்தான்.

இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நல்ல சேதியும் கிடைக்கிறது. கிலோ 50 ரூபாய் அரிசிக்குப் பதிலாக 90 ரூபாய் அரிசியை ஓட்டல்காரர் வாங்கினாலும், ஒரு சாப்பாட்டுக்குக் கூடுகிற செலவு 8 ரூபாய்தான்.

அந்த 8 ரூபாயில் என்ன கிடைக்கும்? மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா போன்ற பழைய ரகங்கள் கிடைக்கும். மறைந்துபோக இருந்த இந்த ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து "நெல்" ஜெயராமன். 2006 முதல் அவர் நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ விதை வாங்கிப் போகும் விவசாயி, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. 2018-ல் அவர் காலமானார். விதை இன்று பல கைகளில் இருக்கிறது.

ஆனால், விதை இருந்தால் மட்டும் போதாது. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். பயிர் உயரமாக வளர்ந்து காற்றில் சாயும். மகசூலும் குறைவு. இதை நம்பிப் பயிரிட வேண்டுமானால், மாதாமாதம் வாங்க ஆள் வேண்டும். ஓட்டல் அப்படிப்பட்ட ஆளாக இருக்க முடியும்.

செய்யக்கூடியது என்ன?

காய்கறிக்கு ஒரு வழி ஏற்கனவே வந்துவிட்டது. 1999 நவம்பர் 14-ம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. தஞ்சாவூரிலும் உழவர் சந்தை உண்டு. விவசாயி நேரே கொண்டுவந்து விற்கலாம், தரகு கிடையாது. அரிசிக்கு அந்த அளவுக்கு நேர் வழி இன்னும் ஏற்படவில்லை.

ஜப்பானும் நம்மைப்போல் சோறு தின்னும் நாடுதான். 2008-ல் அங்கே சாப்பாட்டுக்கு ஆகாத அரிசியைச் சிலர் சாப்பாட்டு அரிசியாக விற்றுப் பிடிபட்டார்கள். அதன் பிறகு சட்டம் வந்தது. 2011 ஜூலை முதல் ஓட்டல்காரர்கள் தங்கள் சோற்று அரிசி எங்கே விளைந்தது என்பதைச் சாப்பிட வருகிறவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தஞ்சாவூரில் அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. "இன்றைய அரிசி இந்த ஊரில் விளைந்தது" என்று சுவரில் ஒரு பலகை மாட்டினால் போதும். வெளியூர் அரிசியானாலும் அப்படியே எழுதலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெரிய கோயிலைப் பார்க்கத் தினமும் எத்தனையோ ஊர்களிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். தஞ்சாவூர் அரிசிச் சோறு என்று பலகை இருந்தால் அவர்களில் பலர் அதைத் தேடி வருவார்கள். உள்ளூர்க் குடும்பங்களும் கை அலம்பி உட்காரும்போது, "இது எந்த ஊர் அரிசி?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால் ஓட்டல்காரர் அரிசிக் கடையில் கேட்பார். அரிசிக் கடைக்காரர் ஆலையில் கேட்பார். ஆலைக்காரர் வயலுக்கு வருவார். கொள்முதல் நிலைய வாசலில் காத்திருக்கும் விவசாயிக்கு அப்போது இன்னொரு வாசல் திறக்கும்.